ஃபோர்மிகா: ஏழு உலகக் கோப்பை, ஏழு ஒலிம்பிக். இது அவருடைய பெருமை மட்டும்தானா?

#1 நடுகளம்

வணக்கம் நண்பர்களே. மகளிர் கால்பந்து பற்றி இங்கே எப்போது பேச்சு எழுந்தாலும் பிரேசிலின் மார்த்தாவில் தொடங்கி மார்த்தாவிலேயே முடிகிறது. மார்த்தா அதற்குத் தகுதியானவர்தான். ஆனால் மார்த்தா முன்னால் ஓடும்போது, பின்னால் நின்று எதிரணியிடமிருந்து பந்தைப் பறித்து அவர் காலுக்கு அனுப்பி வைத்த ஒருவர் இருந்தார். அவருக்கென்று இங்கே ஓர் இழைகூட இல்லை. ரொம்ப நாளாக மனதில் இருந்த குறை, இன்றைக்கு உட்கார்ந்து எழுதிவிடுகிறேன்.

மிரைல்டெஸ் மாசியல் மோட்டா என்று சொன்னால் யாருக்கும் சட்டென்று பிடிபடாது. ஃபோர்மிகா என்றால் தெரியும். போர்த்துகீசிய மொழியில் ஃபோர்மிகா என்றால் எறும்பு. சிறுமியாக ஆடிய காலத்திலேயே ஒட்டிக்கொண்ட பெயர். தனக்கென்று ஆடாமல் அணிக்காக ஓடி ஓடி உழைப்பதைப் பார்த்து வைத்தார்கள். எறும்பு ஊரக் கல்லும் தேயும் என்பார்கள். இவர் ஊர்ந்த கல் எது என்று முதலில் சொல்லிவிடுகிறேன்.

1941 ஏப்ரல் 14 அன்று பிரேசிலில் கெட்டூலியோ வர்காஸ் அரசு விளையாட்டுக்காக ஓர் ஆணைச் சட்டம் கொண்டுவந்தது. அதன் 54-வது பிரிவு, பெண்ணின் இயல்புக்கு ஒவ்வாத விளையாட்டுகளைப் பெண்கள் ஆடக் கூடாது என்றது. எவை ஒவ்வாதவை என்று அதில் இல்லை. 1965-ல், ராணுவ ஆட்சியில், பட்டியலே போட்டுவிட்டார்கள். கால்பந்து, உள்ளரங்கக் கால்பந்து, கடற்கரைக் கால்பந்து எல்லாம் பெயர் சொல்லித் தடை செய்யப்பட்டன. அந்தத் தடை நீங்கியது 1979-ல். மகளிர் கால்பந்துக்கு முறையான விதிகள் வர 1983 ஆகிவிட்டது.

ஃபோர்மிகா பிறந்தது 1978 மார்ச் 3, பாயியா மாநிலத்தின் சால்வடார் நகரில். கணக்குப் போட்டுப் பாருங்கள். தொட்டிலில் கிடந்த அந்தக் குழந்தை பிற்காலத்தில் செய்யப்போகும் தொழில், அன்றைக்கு அந்த நாட்டில் சட்டப்படி குற்றம்.

கைக்குழந்தையாக இருக்கும்போதே அப்பா இறந்துவிட்டார். அம்மாதான் பிள்ளைகளை வளர்த்தார். பையன்களோடு தெருவில் பந்தாடியதற்காக அண்ணன்மாரிடம் அடி வாங்கியதை அவரே பேட்டிகளில் சொல்லியிருக்கிறார். அந்தப் பெண் 17 வயதில் 1995 உலகக் கோப்பைக்குப் போனார். அப்புறம் 1999, 2003, 2007, 2011, 2015, 2019. ஆணோ பெண்ணோ, ஏழு உலகக் கோப்பைகளில் ஆடியவர் வேறு யாரும் கிடையாது. ஒலிம்பிக்கிலும் அப்படித்தான். மகளிர் கால்பந்து முதன்முதலாக ஒலிம்பிக்கில் சேர்ந்தது 1996 அட்லாண்டாவில். அதிலிருந்து 2021-ல் நடந்த டோக்கியோ ஒலிம்பிக் வரை ஏழிலும் களம் இறங்கிய ஒரே ஆள் இவர்தான்.

இனி என் கேள்வி. 2016 டிசம்பரில் மனாஸ் நகரில் அவருக்குப் பிரியாவிடை கொடுத்தார்கள். அப்போது வயது 38. போதும் என்று அவர் முடிவெடுத்துவிட்டார். ஆனால் 2018-ல் பயிற்சியாளர் வதாவோ திரும்ப அழைத்தார், அவரும் வந்தார். 41 வயதில் உலகக் கோப்பை, 43 வயதில் ஒலிம்பிக். இதைக் கேட்டதும் எல்லோரும் 'அடேயப்பா' என்கிறோம். நானும் சொன்னேன். ஆனால் இருபது கோடிப் பேர் வாழும், கால்பந்தே மூச்சு என்று சொல்லிக்கொள்ளும் ஒரு நாட்டில், அந்த ஒரே இடத்துக்கு இன்னொரு பெண் கிடைக்கவில்லையா? சாதனை என்று நாம் கைதட்டுவதில் பாதி, யாரோ செய்யத் தவறிய வேலை என்று எனக்குப் படுகிறது. நீங்கள் என்ன நினைக்கிறீர்கள்?

#2 இடதுகால்

அருமையான தொடக்கம். எறும்பு என்ற அர்த்தம் இன்றுதான் தெரியும், நன்றி.

#3 கோல்கம்பம்

இழைக்கு நன்றி நண்பரே, ஆனால் எனக்கு ஒரு மாற்றுக் கருத்து உண்டு. நீண்ட நாள் ஆடுவது வேறு, மிகச் சிறந்த வீராங்கனையாக இருப்பது வேறு. இவர் உலகக் கோப்பை வென்றதில்லை. ஒலிம்பிக் தங்கமும் இல்லை. 2004-ல் வெள்ளி, 2008-ல் வெள்ளி, 2007 உலகக் கோப்பையில் இரண்டாமிடம், 1999-ல் மூன்றாமிடம். கோல் எண்ணிக்கையும் பெரிதாக இல்லை. மரியாதை உண்டு, மறுக்கவில்லை. ஆனால் 'எத்தனை போட்டி ஆடினார்' என்பதை வைத்து ஒருவரை உச்சியில் வைப்பது சரியா?

#4 தேன்மொழி

கோல்கம்பம் சார், நான் கல்லூரி அணியில் அதே இடத்தில் ஆடியவள். தடுப்பு நடுகளம். அந்த இடத்தில் ஆடுபவரைக் கோல் எண்ணிக்கையால் அளப்பது, வீட்டு அஸ்திவாரத்தை அதன் வண்ணத்தைப் பார்த்து அளப்பது மாதிரி.

ஒரே ஒரு கோலை மட்டும் சொல்கிறேன், 2015 ஜூன் 9, மான்ட்ரியல், தென் கொரியாவோடு ஆட்டம். கொரியா பந்தைப் பின்னுக்குத் தள்ளுகிறது. அந்தப் பாஸில் வேகம் போதவில்லை. போதவில்லை என்பதைக் கொரிய வீராங்கனைகள் உணர்வதற்குள் ஃபோர்மிகா கிளம்பிவிட்டார். பந்து கோல்கீப்பரிடம் போய்ச் சேரவில்லை, இவர் காலுக்கு வந்துவிட்டது. அமைதியாக உள்ளே தள்ளினார். வயது 37. மகளிர் உலகக் கோப்பையில் கோல் அடித்த மிக மூத்தவர் என்ற பெயர் அன்றைக்குக் கிடைத்தது. இரண்டாம் பாதியில் பெட்டிக்குள் இவரைத்தான் தள்ளிவிட்டார்கள், அந்தப் பெனால்டியை மார்த்தா அடித்தார். அது மார்த்தாவின் 15-வது உலகக் கோப்பை கோல். மறுநாள் செய்தி முழுவதும் அந்த 15 பற்றித்தான். பெனால்டி எப்படிக் கிடைத்தது என்பது எத்தனை பேர் நினைவில் இருக்கும்?

அந்த முதல் கோல் அதிர்ஷ்டம் இல்லை. பந்து எங்கே இருக்கிறது என்று பார்ப்பவர்கள் நிறைய. அடுத்த நொடி எங்கே தவறு நடக்கும் என்று பார்ப்பவர்கள் கொஞ்சம்தான். இருபது வருடம் அதைப் பார்த்துப் பழகிய கண் அது.

#5 கோல்கம்பம்

சரி, அஸ்திவார உதாரணத்தை ஏற்கிறேன். அப்படியானால் 2019 ஆஸ்திரேலியா ஆட்டத்தை எடுத்துப் பேசுவோமா?

#6 நடுகளம்

நானே சொல்ல வந்தேன், நீங்கள் முந்திக்கொண்டீர்கள். பார்க்காதவர்களுக்காக: 2019 ஜூன் 13, மான்ட்பெல்லியே. மார்த்தா பெனால்டி, கிறிஸ்டியான் தலையால் ஒன்று, பிரேசில் 2-0 முன்னிலை. இடைவேளைக்குச் சற்று முன் ஆஸ்திரேலியாவின் ஃபோர்டு ஒரு கோல் அடித்தார், 2-1. இடைவேளையில் மார்த்தாவையும் ஃபோர்மிகாவையும் சேர்த்தே வெளியே எடுத்தார்கள். மார்த்தா காயத்திலிருந்து அப்போதுதான் மீண்டு வந்திருந்தார், அது புரிகிறது. ஃபோர்மிகா போனபிறகு நடுவில் பெரிய வெளி திறந்துவிட்டது. அதற்கு முன் ஆஸ்திரேலியா அங்கே பந்தை வாங்கித் திரும்புவதற்கே இடமில்லாமல் இருந்தது. இரண்டாம் பாதியில் தாராளமாகத் திரும்பினார்கள். 3-2 தோல்வி. மூன்றாவது, பிரேசில் தடுப்பாளர் மோனிகாவின் தலையில் பட்டுச் சொந்த வலைக்குள் போனது.

தொலைக்காட்சி முன் உட்கார்ந்து 'நடுவில் யாருமே இல்லையே' என்று நான் கத்தியது எனக்கு நினைவிருக்கிறது.

#7 கோல்கம்பம்

ஆனால் ஐந்து நாள் கழித்து என்ன ஆனது? மஞ்சள் அட்டைகளால் ஃபோர்மிகாவுக்கு ஓர் ஆட்டம் தடை. அவர் இல்லாமலே இத்தாலியை 1-0 என்று பிரேசில் வென்றது. மார்த்தாவின் 17-வது கோல் அந்த ஆட்டத்தில்தான். இத்தாலி அந்தப் பிரிவில் முதலிடம் பிடித்த அணி, சாதாரண அணியும் இல்லை. ஆக, ஓர் ஆட்டத்தை மட்டும் பிடித்துக்கொண்டு 'அவர் இல்லாவிட்டால் அணியே இல்லை' என்று சொல்ல முடியாது.

#8 நடுகளம்

நியாயமான வாதம். ஒத்துக்கொள்கிறேன். ஆஸ்திரேலியா ஆட்டத்தை நான் கொஞ்சம் அதிகமாகவே தூக்கிப் பிடித்துவிட்டேன். ஆனால் இத்தாலியை அவர் இல்லாமல் வெல்ல முடிந்தது என்பது என் முதல் கேள்விக்குத்தான் வலு சேர்க்கிறது. முடியும் என்றால் ஏன் அதற்கு முன்பே பத்து வருடம் வேறு பெண்களுக்கு அந்த இடத்தில் வாய்ப்புக் கொடுத்துப் பழக்கவில்லை?

#9 மழைநாள்

இந்த இழையில் ஒரு பெயர் வரும் வரும் என்று காத்திருந்தேன், வரவில்லை. பியா சுந்தாகே.

1995 உலகக் கோப்பையின் முதல் நாள், ஹெல்சிங்போரியில் பிரேசில் போட்டியை நடத்தும் ஸ்வீடனை 1-0 என்று வீழ்த்தியது. ஃபோர்மிகாவுக்கு அது முதல் உலகக் கோப்பை. ஸ்வீடன் அணியில் அப்போது ஆடிக்கொண்டிருந்தவர்களில் ஒருவர் சுந்தாகே. அவர் ஓய்வு பெற்றார், பயிற்சியாளர் ஆனார். 2008 பெய்ஜிங் ஒலிம்பிக் இறுதியில் கூடுதல் நேரத்தில் 1-0 என்று பிரேசிலைத் தோற்கடித்த அமெரிக்க அணியின் பயிற்சியாளர் அவர்தான். 2011 உலகக் கோப்பைக் காலிறுதி, 122-வது நிமிடத்தில் அமெரிக்காவின் வாம்பாக் தலையால் அடித்துச் சமன் செய்து, பெனால்டியில் பிரேசில் வீழ்ந்த ஆட்டம்: அங்கேயும் அவர். 2016 ரியோ ஒலிம்பிக் அரையிறுதி, மரக்கானா மைதானம், 0-0, பெனால்டியில் ஸ்வீடன் வென்றது: அப்போது ஸ்வீடன் பயிற்சியாளர் அவர்.

இத்தனைக்கும் பிறகு 2019-ல் அதே சுந்தாகே பிரேசில் பயிற்சியாளராக வந்தார். டோக்கியோவில் 43 வயது ஃபோர்மிகாவைக் களத்தில் இறக்கியவரும் அவரே. எதிரில் ஆடியவர் போய், எதிரணிக்குப் பயிற்சி கொடுத்து, கடைசியில் நம் பக்கமே வந்து நிற்கும் வரைக்கும் இவர் அதே நடுகளத்தில் ஆடிக்கொண்டிருந்தார். காலத்தின் நீளம் எனக்கு உறைத்தது இந்த ஒரு விஷயத்தில்தான்.

#10 இடதுகால்

@மழைநாள், புல்லரித்துவிட்டது. 2019 அணியில் இருந்த கெய்சே 1998-ல் பிறந்தவர் என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். ஃபோர்மிகாவின் முதல் உலகக் கோப்பை முடிந்து மூன்று வருடம் கழித்துப் பிறந்த பெண், அவரோடு ஒரே உடைமாற்றும் அறையில்!

மொத்தம் எத்தனை சர்வதேச ஆட்டங்கள்? ஓரிடத்தில் ஓர் எண், இன்னோரிடத்தில் வேறு எண் இருக்கிறதே.

#11 நடுகளம்

பிரேசில் கால்பந்துக் கூட்டமைப்பு எண்ணுவதும் ஃபிஃபா எண்ணுவதும் ஒன்றில்லை. எப்படிப் பார்த்தாலும் 200-ஐத் தாண்டியவர். பிரேசில் சட்டையை அதிக முறை அணிந்தவர் இவர்தான், ஆண்கள் அணியையும் சேர்த்து.

#12 தேன்மொழி

நடுகளம் கேட்ட கேள்விக்கு இன்னும் யாரும் நேராகப் பதில் சொல்லவில்லை என்று நினைக்கிறேன். எனக்குத் தெரிந்ததை வைத்து முயல்கிறேன்.

அடுத்த ஆளை வளர்க்க வேண்டுமென்றால் அவள் ஆடுவதற்கு ஓர் அணி இருக்க வேண்டும், அந்த அணி அடுத்த வருடமும் இருக்க வேண்டும். பிரேசில் மகளிர் கால்பந்தில் அதுதான் இல்லாமல் இருந்தது. ஃபோர்மிகாவின் கிளப் வரலாற்றைப் பாருங்கள். சாவோ பாலோவில் ஆடினார். ஸ்வீடனின் மால்மோவுக்குப் போனார். 2009-ல் அமெரிக்காவில் கோல்டு பிரைடு. அந்த அணி அடுத்த ஆண்டே லீக் கோப்பையை வென்றது, வென்ற அதே ஆண்டில் கலைக்கப்பட்டது. 2010-ல் இவர் சிகாகோ ரெட் ஸ்டார்ஸில் ஆடினார். அந்த லீக்கே 2012-ல் மூடப்பட்டது. கோப்பை வென்றாலும் அணி மிஞ்சாது என்றால், 15 வயதுப் பெண் எதை நம்பி வருவாள்?

சாந்தோஸ் கிளப்பையும் பாருங்கள். மார்த்தா, கிறிஸ்டியான் எல்லாம் ஆடி 2009-ல் லிபர்டடோரஸ் கோப்பை (தென் அமெரிக்கக் கிளப்களுக்கான கோப்பை) வென்ற மகளிர் அணி. 2012 தொடக்கத்தில் அதைக் கலைத்துவிட்டார்கள். பிறகு சில வருடம் கழித்துத்தான் மீண்டும் தொடங்கினார்கள்.

இந்தக் குழப்பத்துக்கு நடுவில் ஃபோர்மிகாவுக்குக் கொஞ்சம் நிலையான வீடு கிடைத்தது சாவோ ஜோசே அணியில். 2011, 2013, 2014 என்று மூன்று லிபர்டடோரஸ் கோப்பைகள் வென்ற அணி அது. கோப்பையே வெல்லவில்லை என்று கோல்கம்பம் சார் சொன்ன பட்டியலில் இதையும் சேர்க்க வேண்டும்.

#13 கோல்கம்பம்

சேர்த்துக்கொள்கிறேன். நான் தேசிய அணியை மட்டும் மனதில் வைத்து எழுதினேன். கிளப் பக்கம் பாரிஸின் பிஎஸ்ஜியும் இருக்கிறது, மறந்துவிட்டேன்.

#14 பழையபந்து

பிஎஸ்ஜி பற்றி நான் சொல்கிறேன், அந்த நான்கு வருடங்களும் விடாமல் பார்த்தேன்.

2017 ஜனவரியில் பாரிஸ் போய்ச் சேர்ந்தார். வயது 38, இன்னும் இரண்டு மாதத்தில் 39. அந்த வயதில் ஐரோப்பாவின் பெரிய கிளப் ஒன்று ஒரு நடுகள வீராங்கனையை எடுப்பதை வேறெங்கும் நான் பார்த்ததில்லை. ஏதோ மரியாதைக்காக எடுத்திருக்கிறார்கள் என்றுதான் முதலில் நினைத்தேன். நான் நினைத்தது தப்பு. அதே ஆண்டு ஜூனில் கார்டிஃபில் ஐரோப்பிய கிளப்களுக்கான சாம்பியன்ஸ் லீக் இறுதிப் போட்டி, இன்னொரு பிரெஞ்சுக் கிளப்பான லியோனிடம் பெனால்டியில் தோற்றார்கள். 2018-ல் பிரெஞ்சுக் கோப்பை வந்தது. 2020-21 பருவத்தில் லீக் பட்டம். லியோன் தொடர்ந்து 14 முறை வென்று வைத்திருந்த பட்டம் அது. அந்தத் தொடரை முறித்த அணியின் நடுகளத்தில் 43 வயது ஃபோர்மிகா.

ஒரு விஷயத்தை ஆட்டங்களில் கவனித்தேன். இளம் வீராங்கனைகள் பந்தைத் துரத்தி ஓடுவார்கள். இவர் ஓடுவது குறைவு, அதுவும் வயது கூடக்கூட இன்னும் குறைந்தது. ஆனால் எதிரணி பாஸ் போடப் போகும் இடத்தில் இரண்டடி முன்னதாக வந்து நிற்பார். பாஸ் போட நினைத்தவர் காலைத் தூக்கி, இவரைப் பார்த்துவிட்டு, வேறு பக்கம் திருப்பிவிடுவார். அதற்கு எந்தப் புள்ளிவிவரமும் கிடையாது. பறித்த பந்தை எண்ணலாம், போடாமல் விட்ட பாஸை யார் எண்ணுவது?

#15 தேன்மொழி

போடாமல் விட்ட பாஸ்! என் பயிற்சியாளர் ஒருவருக்கு இதைப் புரிய வைக்க முடியாமல் நான் தவித்திருக்கிறேன். 'நீ இன்று பந்தையே தொடவில்லையே' என்பார்.

#16 மழைநாள்

தடை நீங்கியதோடு எல்லாம் சரியாகிவிட்டது என்று யாரும் நினைத்துவிட வேண்டாம், அதற்காக ஒன்று சொல்கிறேன். 2001-ல் சாவோ பாலோ மாநில மகளிர் போட்டியை நடத்தியவர்கள் வீராங்கனைகளின் அழகை முன்னிறுத்த வேண்டும் என்று எழுதியே வைத்திருந்தார்கள். தலையை மொட்டையடித்தவர்களுக்கு இடமில்லை. 1999 உலகக் கோப்பையில் ஏழு கோல் அடித்து, அதிக கோல் அடித்தவருக்கான தங்கக் காலணியைச் சீனாவின் சுன் வென்னோடு பகிர்ந்துகொண்டவர் சிசி. பிரேசில் மகளிர் கால்பந்தின் முதல் பெரிய நட்சத்திரம், அவர் மொட்டைத் தலையோடு ஆடியவர். சிறுமியாக இருந்தபோது பந்து இல்லாமல் பொம்மைகளின் தலையைப் பிடுங்கி உதைத்து ஆடியவர் என்றும் சொல்லியிருக்கிறார். அப்படிப்பட்டவருக்குத் தலைமுடி கேட்டார்கள்!

சிசி போன்றவர்கள்தான் ஃபோர்மிகாவின் தோழிகள். ஆண்கள் அணி போட்டுக் கழித்த சட்டைகளைத் தொளதொளவென்று மாட்டிக்கொண்டு தேசத்துக்கு ஆடிய தலைமுறை. 2007 உலகக் கோப்பையில் அமெரிக்காவின் 51 ஆட்டத் தோல்வியற்ற ஓட்டத்தை 4-0 என்று முறித்துவிட்டு, இறுதியில் ஜெர்மனியிடம் 2-0 தோற்றார்கள். பதக்கம் வாங்கும்போது 'பிரேசிலே, எங்களுக்கு ஆதரவு வேண்டும்' என்று ஒரு பதாகையைப் பிடித்துக்கொண்டு நின்றார்கள். உலகத்தில் இரண்டாமிடம் பிடித்தவர்கள், மேடையில் நின்று சொந்த நாட்டிடம் உதவி கேட்டார்கள். அந்தப் படத்தை நான் இன்றும் முழுதாகப் பார்க்க முடியாமல் கடந்துவிடுவேன்.

#17 பழையபந்து

மாற்றமும் வந்திருக்கிறது, அதையும் சொல்வோம். 2020 செப்டம்பரில் தேசிய அணிக்கான தினப்படியும் பரிசுத் தொகையும் ஆண்களுக்கும் பெண்களுக்கும் சமம் என்று கூட்டமைப்பு அறிவித்தது. அதே ஆண்டில் மகளிர் சட்டையிலிருந்து ஐந்து நட்சத்திரங்களை எடுத்தார்கள். அவை ஆண்கள் வென்ற ஐந்து உலகக் கோப்பைகளுக்கானவை. நட்சத்திரம் இல்லாத சின்னம்தான் இவர்களுடைய சொந்தச் சின்னம். எனக்கு அது பிடித்திருந்தது.

#18 இடதுகால்

2019 பிரான்ஸ் ஆட்டம் முடிந்ததும் மார்த்தா கேமராவைப் பார்த்துப் பேசியதைப் பலரும் பகிர்ந்தார்களே, அதில் ஃபோர்மிகா பெயர் வரும் அல்லவா?

#19 நடுகளம்

ஆமாம். 2019 ஜூன் 23, லே ஹாவ்ர். கூடுதல் நேரத்தில் 2-1 என்று பிரான்ஸ் வென்றது. கண்ணில் நீரோடு நாட்டிலுள்ள சிறுமிகளைப் பார்த்து மார்த்தா சொன்னதன் சாரம் இது: ஃபோர்மிகா எப்போதும் இருக்கப் போவதில்லை, மார்த்தா இருக்கப் போவதில்லை, கிறிஸ்டியான் இருக்கப் போவதில்லை, மகளிர் கால்பந்து பிழைப்பது உங்கள் கையில். முதலில் அழுங்கள், கடைசியில் சிரிக்கலாம் என்றும் சொன்னார்.

அவர் முதலில் சொன்னது தன் பெயரை இல்லை, ஃபோர்மிகாவின் பெயரை. அணிக்குள் இருந்தவர்களுக்குத் தெரிந்திருக்கிறது. அந்த இரவு 41 வயது ஃபோர்மிகா முக்கால் மணி தாண்டியதும் வெளியே வந்தார். மகளிர் உலகக் கோப்பையில் ஆடிய மிக மூத்தவர் என்ற சாதனை அந்த ஆட்டத்தில் இன்னும் சில நாள் நீண்டது. உலகக் கோப்பையில் அவர் கடைசியாக நின்ற புல்வெளி அது.

#20 கோல்கம்பம்

முக்கால் மணி என்று எழுதிவிட்டீர்கள், 75-வது நிமிடம் என்று நினைக்கிறேன்.

#21 நடுகளம்

75 தான், மன்னிக்கவும். கை தவறிவிட்டது.

#22 கோல்கம்பம்

சின்ன விஷயம், விடுங்கள். இந்த இரண்டு நாளாக இழையைப் படித்துவிட்டு 2015 கொரியா ஆட்டத்தை மறுபடி போட்டுப் பார்த்தேன். பந்தைப் பார்க்காமல் ஃபோர்மிகாவை மட்டும் பார்த்தேன். தேன்மொழி, பழையபந்து இருவரும் சொன்னது புரிகிறது. கோலுக்கு முன்பே இரண்டு முறை அதே மாதிரி கிளம்பிப் பாதியில் நின்றிருக்கிறார், பந்து வேறு பக்கம் போனதால். மூன்றாவது முறை கிடைத்தது. கோல் மட்டும் பார்த்திருந்தால் அந்த முதல் இரண்டும் எனக்குத் தெரிந்தே இருக்காது. உச்சியில் வைப்பது பற்றி என் வாதத்தைத் திரும்ப எடுத்துக்கொள்கிறேன்.

மாற்று ஆள் வளர்க்காத விஷயத்தில் நடுகளம் சொல்வதோடு உடன்படுகிறேன். ஆனால் ஒன்று. திரும்ப அழைத்தபோது அவர் வர மறுத்திருக்கலாம். வந்தார். அதை நிர்வாகத்தின் குறையில் மட்டும் கரைத்துவிட வேண்டாம்.

#23 நடுகளம்

சரியாகச் சொன்னீர்கள். நான் அந்தப் பக்கத்தைச் சரியாக எடுத்துச் சொல்லவில்லை. பிரியாவிடை எல்லாம் வாங்கியாகிவிட்டது, பாரிஸில் நல்ல இடம், இனி நிரூபிக்க எதுவும் இல்லை. அப்படியிருந்தும் அந்த நடுகளத்துக்குத் திரும்பி வந்தது அவருடைய முடிவு. 2018-ல் தென் அமெரிக்க நாடுகளுக்கான கோபா அமெரிக்கா வென்று, பிரான்ஸ் உலகக் கோப்பைக்கும் டோக்கியோவுக்கும் தகுதி பெற்றுக் கொடுத்த அணியில் அவர் இருந்தார்.

#24 இடதுகால்

அவருடைய கடைசி ஆட்டம் பற்றி யாராவது சொல்வார்கள் என்று பார்த்தேன். சரி, நானே சொல்கிறேன், ஏனென்றால் அதைக் காலையில் எழுந்து உட்கார்ந்து பார்த்தவன் நான். எதிரணி இந்தியா!

2021 நவம்பர் 25, அங்கே இரவு, நமக்கு மறுநாள் காலை. மனாஸ் நகரின் அமேசான் அரங்கம். 2016-ல் முதல் பிரியாவிடை கொடுத்த அதே ஊர். தொடங்கிய முதல் நிமிடத்திலேயே பிரேசிலின் டெபின்யா ஒரு கோல். முடிந்தது கதை என்று நினைத்தேன். எட்டாவது நிமிடத்தில் மனிஷா கல்யாண் தனியாக ஓடிப் போய்ச் சமன் செய்தார். பிரேசிலுக்கு எதிராக, பிரேசில் மண்ணில், இந்தியப் பெண் ஒருத்தி! வீட்டில் எல்லோரையும் எழுப்பிவிட்டேன். அப்புறம் ஐந்து கோல் வாங்கினோம், 6-1. அது கிடக்கட்டும்.

இரண்டாம் பாதியில் ஃபோர்மிகா உள்ளே வந்தார். அரங்கமே எழுந்து நின்றது. எதிரே ஓடிக்கொண்டிருந்த மனிஷாவுக்கு 20 வயது ஆக இன்னும் இரண்டே நாள். அவர் பிறப்பதற்கு ஆறு வருடம் முன்பே ஃபோர்மிகா உலகக் கோப்பை ஆடியவர். இரண்டு பேரையும் ஒரே சட்டகத்தில் கேமரா எப்போது காட்டும் என்று பார்த்துக்கொண்டே இருந்தேன்.

#25 தேன்மொழி

அந்த ஆட்டத்தை நான் பார்க்காமல் விட்டுவிட்டேன் என்று இன்றைக்கு வருத்தமாக இருக்கிறது. முழு ஆட்டமும் எங்காவது கிடைத்தால் சொல்லுங்கள்.

#26 மழைநாள்

சுருக்கமான காட்சிகள் தேடினால் கிடைக்கின்றன. முழு ஆட்டம் எனக்கும் கிடைக்கவில்லை.

#27 நடுகளம்

அனைவருக்கும் நன்றி. இவ்வளவு பேர் வருவீர்கள் என்று எதிர்பார்க்கவில்லை. 2027 மகளிர் உலகக் கோப்பை பிரேசிலில் நடக்கிறது, தென் அமெரிக்காவில் முதல் முறையாக. ஆட்டங்கள் நடக்கும் எட்டு நகரங்களில் ஃபோர்மிகா பிறந்த சால்வடாரும் ஒன்று. அங்கே நடக்கும் ஆட்டங்களைப் பற்றி இதே இழையில் பேசலாம், பூட்டாமல் வைத்திருக்கும்படி நெறியாளரிடம் கேட்டுக்கொள்கிறேன்.